திரையில் 200, துணியில் எத்தனை? ஹீட் பிரஸ் கோளாறுகளை நாமே கண்டறிவது எப்படி

ஹீட் பிரஸ்ஸின் சின்னத் திரையில் 200 பாகை என்று எரிகிறது. நேரம் 50 செக்கன். நேற்றும் இதே இலக்கங்கள்தான். நேற்று அடித்த ஜேர்சி பளிச்சென்று வந்தது. இன்று கறுப்பு சாம்பலாக நிற்கிறது, சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது வெப்பத்தைப் பத்துப் பாகை கூட்டுவது. சரிவராவிட்டால் நேரத்தைக் கூட்டுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் மையையோ கடதாசியையோ மாற்றுவார்கள். அதற்குள் நாலைந்து ஜேர்சிகள் வீணாகிவிடும்.

திரை காட்டுவது, சூட்டுத் தட்டில் ஓரிடத்தில் பொருத்தப்பட்டிருக்கும் சென்சர் உணரும் வெப்பத்தை மட்டுமே. துணிக்குக் கிடைக்கும் வெப்பம் மின்சாரம், அமுக்கம், ஈரம், தட்டின் நிலை எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே இலக்கங்களில் கைவைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பிழை துணியின் எந்த இடத்தில் வருகிறது? எத்தனையாவது துணியில் தொடங்குகிறது? எந்த நேரத்தில், எந்தக் காலநிலையில் வருகிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், பெரும்பாலான கோளாறுகளின் காரணத்தை ஒரு துணியையும் வீணாக்காமலே ஊகித்துவிடலாம்.

மயிலிட்டியில் இருந்து பார்த்தால்

காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் மயிலிட்டி, வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாக இருந்த ஊர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது மயிலிட்டியும் வெறுமையானது. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மல்லாகம், சுன்னாகம் பக்க முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலை 3ஆம் திகதி, துறைமுகத்தையும் அதைச் சேர்ந்த 54 ஏக்கர் காணியையும் இராணுவம் விடுவித்தது. திரும்பி வந்தவர்கள் வீட்டையும் தொழிலையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்படித் தொடங்குபவர்களுக்குக் கடலைத் தவிர வேறு என்ன தொழில் என்ற கேள்வி வரும்போது, வீட்டில் ஒரு அறைக்குள் அடங்கும் ஜேர்சி அச்சுத் தொழில் கண்ணில்படுவது இயல்பு. வடக்கில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு. ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, கோயில் தொண்டர் சபை, புலம்பெயர் ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல் என்று எல்லாவற்றுக்கும் ஜேர்சி தேவைப்படுகிறது. ஒரு பிறிண்டர், ஒரு ஹீட் பிரஸ், ஒரு கணினி இருந்தால் போதும். வெளிநாட்டில் உள்ள சகோதரர் அனுப்பிய காசிலோ, கடன் எடுத்தோ இயந்திரத்தை வாங்கிவிடலாம்.

சிக்கல் அதன் பிறகுதான். இயந்திரம் இறக்குமதிச் சாமான். பழுதானால் திருத்துபவரைத் தேடி நகரத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். 2022இல் ரூபா விழுந்தபோது, மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. மையும் கடதாசியும் அதோடு ஏறின. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜேர்சிக்குச் செலவு 900 ரூபா, விலை 1,150 என்று வைத்துக்கொள்வோம். 20 ஜேர்சிக்கான ஓடரில் கிடைக்கும் இலாபம் 5,000. மூன்று ஜேர்சி பழுதாகித் திரும்ப அடித்தால் 2,700 போய்விடும். மிஞ்சுவது 2,300. கடன் தவணை காத்திருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண தர விஞ்ஞானத்தில் பதங்கமாதல் படித்திருப்போம். திறந்து வைத்த கற்பூரம் திரவமாகாமல் நேரே ஆவியாகிக் கரைந்து போவது அதற்கு நல்ல உதாரணம். சப்ளிமேஷன் மையில் இருக்கும் சாயமும் அப்படித்தான். கடதாசியில் அது திண்மமாக இருக்கிறது. ஏறத்தாழ 180 முதல் 210 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாக மாறுகிறது.

மறுபக்கத்தில் துணி. பொலியெஸ்டரை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். நாம் தண்ணீர் வாங்கும் பிளாஸ்டிக் போத்தலும் இதே குடும்பம்தான். 2019 உலகக்கிண்ணத்தில் இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த ஜேர்சி கடலோரத்தில் சேகரித்த பிளாஸ்டிக்கை மீள்சுழற்சி செய்து நெய்யப்பட்டது. இந்த நூல் ஏறத்தாழ 70, 80 பாகையைத் தாண்டியதும் உள்ளுக்குள் இளகத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற இன்னும் இளகி, ஆவியான சாயத்தை உள்ளே விடுகிறது. ஆறியதும் மறுபடி இறுகிச் சாயத்தைப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஒழுங்காக அடித்த ஜேர்சியில் அச்சைத் தடவினாலும் கைக்குத் தட்டுப்படாது, தோய்த்தாலும் உரியாது. ஆனால் 250 பாகையைத் தாண்டினால் பொலியெஸ்டரே உருகிவிடும். சாயம் ஆவியாகும் வெப்பத்துக்கும் துணி கெடத் தொடங்கும் வெப்பத்துக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதில்லை.

பருத்தி இப்படி இளகுவதில்லை. பருத்திக்கு அடித்தால் முதல் தோய்ப்பிலேயே வெளிறிவிடும். பொலியெஸ்டர் 65, பருத்தி 35 வீதம் கலந்த துணியில் நிறம் மங்கலாகவே வரும். ஆகவே மங்கலுக்குக் காரணம் தேடுமுன் துணியைச் சோதியுங்கள். உள்தையலில் இருந்து ஒரு நூலை இழுத்து, திறந்த வெளியில் குறட்டால் பிடித்துக் கொளுத்துங்கள். பொலியெஸ்டர் உருகிச் சுருங்கிக் கடினமான மணியாகும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும். இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி. இன்னொன்று, இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. கடும் நிறத் துணியில் மேலே அடித்து வெளிச்சமான நிறம் எடுக்க முடியாது.

முதற் கேள்வி: துணியில் எந்த இடம்?

ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்தால், பிழை பிறிண்டரிலா ஹீட் பிரஸ்ஸிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு இலகுவான சோதனை உண்டு. ஒரே அளவான ஒன்பது கறுப்புச் சதுரங்களை வரிசைக்கு மூன்றாக, தட்டின் அளவுக்குப் பரத்தி அச்சிடுங்கள். பழைய வெள்ளைப் பொலியெஸ்டர் துண்டில் அழுத்துங்கள். பிறகு அதே அச்சை இன்னொரு தாளில் எடுத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி அழுத்துங்கள். மங்கல் தாளோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பிழை பிறிண்டரில். தாளைத் திருப்பியும் மங்கல் தட்டின் அதே மூலையில் நின்றால் பிழை ஹீட் பிரஸ்ஸில்.

ஹீட் பிரஸ் என்று தெரிந்தால் இரண்டு காரணங்கள் மிஞ்சும். ஒன்று அமுக்கம், மற்றது வெப்பம். அமுக்கத்தை முதலில் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, இயந்திரம் முற்றாக ஆறிய பிறகு, நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே அளவான கடதாசிக் கீலங்களை வைத்து மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தோடு வரவேண்டும். ஒரு மூலையில் கடதாசி சும்மா கழன்று வந்தால், அங்கே சிலிக்கோன் மெத்தை தேய்ந்திருக்கலாம் அல்லது மேல்தட்டைத் தாங்கும் ஆணிகள் இளகியிருக்கலாம். நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே அளவு ரீசேர்ட்டை வைத்து அடிப்பவர்களின் மெத்தையில், அந்த அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மெத்தையைத் திருப்பிப் போடலாம். அதுவும் சரிவராவிட்டால் புதிது வாங்க வேண்டும். மெத்தையின் விலை இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான்.

அமுக்கம் எல்லா இடமும் ஒன்றாக இருந்தும் அதே மூலை மங்கலாக வந்தால், அந்தப் பகுதியில் சூடாக்கும் கம்பி பலவீனமாக இருக்கலாம். இதை அளக்க, துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப வேண்டாம். பளபளப்பான அலுமினியத் தட்டில் அது உண்மையிலும் குறைவாகவே காட்டும். நுனியில் மெல்லிய கம்பி உள்ள கே வகை வெப்பமானியே பொருத்தம். அந்த நுனியை இரண்டு துணித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, ஹீட் பிரஸ்ஸை மூடி, 50 செக்கனில் எவ்வளவு ஏறுகிறது என்று ஒன்பது இடத்திலும் எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவு என்றால், சென்சர் தவறாகக் காட்டுகிறது. அந்த வித்தியாசத்தைத் திரை இலக்கத்தில் கூட்டி வேலை செய்யலாம். பல இயந்திரங்களில் இதைச் சரிப்படுத்தும் வசதி உண்டு. ஓரிடத்தில் மட்டும் பெரிய குறைவு என்றால், அதை எந்த இலக்கத்தாலும் திருத்த முடியாது. அந்த மூலையைத் தவிர்த்து அடிப்பதும், திருத்துபவரை நாடுவதுமே வழி.

தையல் மடிப்பு, கழுத்துப்பட்டி, பொத்தான் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் வெளிறினால் இயந்திரத்தில் பிழை இல்லை. தடித்த தையல் தட்டைத் தாங்கிக்கொள்வதால் பக்கத்துத் துணியில் அமுக்கம் விழுவதில்லை. தையலை மெத்தையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள், அல்லது அச்சு விழும் இடத்தின் கீழே மட்டும் ஒரு பஞ்சு மெத்தை வையுங்கள். உடல் முழுவதும் படம் வரும் ஜேர்சியைத் தைத்த பிறகு அடித்தால், கைக்குழியில் வெள்ளைக் கோடுகள் விழுவதைத் தவிர்க்க இயலாது. அதற்கு வெட்டிய துணித் துண்டுகளில் முதலில் அடித்து, பிறகுதான் தைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எத்தனையாவது துணி?

முதலாவதும் இரண்டாவதும் நன்றாக வந்து, ஐந்தாவதில் இருந்து மங்கத் தொடங்கினால், மையில் குறை தேடாதீர்கள். ஒவ்வொரு துணியும் தட்டில் இருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. தட்டு அடுத்த துணிக்கு முன் அந்த வெப்பத்தை மீளப் பெற வேண்டும். பெறமுடியாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் மின்சாரமே காரணம்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சூடாக்கும் கம்பியின் வலு, வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். அதாவது வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்து 207 ஆனால், வலு 81 வீதமாகிவிடும். 190 ஆனால் 68 வீதம்தான். 1,800 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் இயந்திரம் 190 வோல்ட்டில் ஏறத்தாழ 1,230 வாட்ஸ் இயந்திரமாகவே வேலை செய்கிறது. திரை எப்படியும் 200ஐ எட்டும். ஆனால் மெதுவாகவே எட்டும். ஹீட் பிரஸ்ஸை மூடியதும் திரையில் இலக்கம் 185க்கு விழுந்து, 50 செக்கன் முடியும்வரை மேலே வராமல் நின்றால், உங்கள் துணி 200 பாகையைக் காணவேயில்லை.

பிளக்கில் செருகும் சிறிய வோல்ட்மானி ஒன்றை வாங்கி, ஹீட் பிரஸ் சூடாகிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். சும்மா இருக்கும்போது 228 காட்டி, சூடாகும்போது 205க்கு இறங்கினால் வயரிலோ இணைப்பிலோ பிழை. 1,800 வாட்ஸ் இயந்திரம் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் வட்ட பிளக்கிலும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் அதைப் போடவே கூடாது. 13 ஆம்பியர் சொக்கெட்டுக்குத் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். மயிலிட்டி போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று செப்பையும் பித்தளையையும் அரிக்கும். பிளக் சூடாகினால், ஊசிகள் கறுத்திருந்தால், எரிந்த மணம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். நிறம் மங்குவதைவிட வீடு எரிவது பெரிய நட்டம்.

வயர் சரியாக இருந்தும் வோல்டேஜ் குறைவென்றால், ஒரே வழி பொறுமை. ஒரு துணிக்கும் அடுத்ததுக்கும் இடையில், திரை 200ஐத் தொட்ட பிறகும் ஒரு நிமிடம் காத்திருங்கள். தட்டின் தடிப்பு முழுவதும் சூடு பரவ அந்த நேரம் தேவை.

இதற்கு எதிர்மாறான பிழையும் உண்டு. முதற் துணி மட்டும் மங்கி, பின்னையவை சரியாக வந்தால், கீழ் மெத்தை குளிராக இருந்திருக்கிறது. வேலை தொடங்குமுன் வெறும் இயந்திரத்தை ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

மூன்றாவது கேள்வி: எந்த நேரம், எந்தக் காலநிலை?

காலையில் சரி, இரவில் பிழை என்றால் மறுபடியும் மின்சாரத்தைப் பாருங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் மின்பாவனை கூடிய நேரம். மின்மாற்றியில் இருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அந்த நேரம் வோல்டேஜ் குறையக்கூடும். அடிப்பதைப் பகலுக்கு மாற்றி, இரவில் வடிவமைப்பு வேலையைச் செய்யலாம்.

வெயில் காலத்தில் சரி, ஐப்பசி, கார்த்திகை மழையில் பிழை என்றால் காரணம் ஈரம். பொலியெஸ்டர் அதிகம் ஈரம் பிடிக்காது, ஆனால் கடதாசி பிடிக்கும். ஈரக் கடதாசியைச் சூட்டுத் தட்டில் அழுத்தும்போது நீர் ஆவியாகிச் சாயத்தைத் தள்ளிக்கொண்டு ஓடும். அச்சில் மேகம் போல வெளிறிய திட்டுகள் வரும், ஓரங்கள் கசியும். கடதாசியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அச்சிட்ட தாள் நன்றாகக் காயும்வரை அழுத்த வேண்டாம். துணியை அச்சு வைப்பதற்கு முன் 5 முதல் 10 செக்கன் வெறுமனே அழுத்தி எடுங்கள். ஈரமும் போகும், துணி சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

மேலேயும் கீழேயும் வைக்கும் பாதுகாப்புக் கடதாசியைச் சிக்கனம் பார்த்துத் திரும்பத் திரும்பப் பாவிப்பவர்கள் உண்டு. முந்திய ஜேர்சியின் சாயம் அதில் ஒட்டியிருக்கும். அடுத்த ஜேர்சியின் முதுகில் அது மங்கலாக ஏறும். துணிக்கு ஒரு புதிய தாள் மாற்றுவதே மலிவு. ரெப்லோன் விரிப்பும் இப்படியே சாயம் பிடிக்கும். அதோடு அது ஈரத்தை வெளியே விடாது.

அறிகுறி பார்த்து வைத்தியம்

மூன்று கேள்விக்கும் பிடிபடாத பிழைகள் சில உண்டு. அவை இயந்திரத்தைவிடக் கைப்பழக்கத்தோடு சேர்ந்தவை.

நிழல் விழுதல்: எழுத்தின் பக்கத்தில் இன்னொரு மங்கலான எழுத்துத் தெரியும். ஹீட் பிரஸ்ஸைத் திறக்கும் வேகத்தில் காற்று இழுத்துக் கடதாசி நகர்ந்திருக்கும். சூடாக இருக்கும்வரை சாயம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், நகர்ந்த இடத்திலும் அது பதியும். வெப்பம் தாங்கும் ரேப்பால் கடதாசியை ஒட்டுங்கள், மெதுவாகத் திறவுங்கள், கடதாசியை ஒரே இழுவையில் உரியுங்கள். முன்கூட்டி அழுத்தாத துணி சுருங்குவதாலும் இதே பிழை வரும்.

தமிழ் எழுத்து அடிப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கைகண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது, மெய்யெழுத்தின் புள்ளி. உள்ளே வெளி உள்ள சிறிய வட்டமாக வரைந்த புள்ளி தெளிவாக வந்தால் அச்சு அசையவில்லை. வட்டம் நிரம்பிக் கறுப்புப் பொட்டாகிவிட்டால் கடதாசி நகர்ந்திருக்கிறது, அல்லது வெப்பமோ ஈரமோ கூடிச் சாயம் கசிந்திருக்கிறது.

சட்டம் போட்ட கோடு: கடதாசியின் ஓரம் துணியில் சதுரமாகப் பதிந்துவிடும். அமுக்கம் கூடியதன் அடையாளம். 40 பி.எஸ்.ஐ. என்று அளக்கும் மானி சிறிய இயந்திரங்களில் இராது. மூடும்போது ஒரு கையால் சற்று இறுக்கமாக வரவேண்டும், உடல் பாரத்தைப் போட்டு அமுக்கும் அளவுக்குப் போகக்கூடாது. கடதாசியின் ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் விளிம்பு மெலிந்து கோடு குறையும். உள்ளே பஞ்சு மெத்தை வைப்பது இன்னும் நல்லது. இலேசான கோடு நீராவி அயனில் போய்விடும். துணி மினுங்கிவிட்டால் நூல் தட்டையாகிவிட்டது, அது முழுதாகத் திரும்பாது.

மஞ்சள் பூத்தல்: வெள்ளைத் துணி சூட்டில் பழுக்கிறது. 190 பாகைக்கு இறக்கி, நேரத்தைச் சற்றுக் கூட்டிச் சோதியுங்கள்.

நீலப் புள்ளிகள்: துணியில் ஒட்டிய நூல்தூசு சூட்டில் தன் சாயத்தை விட்டுவிடுகிறது. வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியும். ஒட்டும் உருளையால் துணியை ஒருமுறை துடைத்துவிட்டு அடியுங்கள். மணல் காற்று அடிக்கும் ஊரில் யன்னலை எந்தப் பக்கம் திறப்பது என்பதும் கணக்கில் வரும்.

கறுப்பு மட்டும் பிழைத்தல்: கறுப்பு பல சாயங்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஆவியாகும். வெப்பம் போதாமலும் கறுப்பு நிறம் மாறும், மிஞ்சியும் மாறும். ஊகிக்காமல் ஐந்து துண்டுத் துணியில் 200 பாகையில் 30, 40, 50, 60, 70 செக்கன் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கறுப்பு முழுமையாக வரும் ஆகக் குறைந்த நேரமே உங்கள் நேரம். ஐந்திலும் ஒரே பிழையென்றால், கணினியில் அந்த மைக்கும் கடதாசிக்கும் உரிய நிற அமைப்புப் பொருத்தப்படவில்லை.

இலக்கம் இளஞ்சிவப்பாதல்: சிவப்பு ஜேர்சியில் வெள்ளை வினைல் இலக்கம் ஒட்டுவார்கள். அன்று வெள்ளையாக இருக்கும், சில நாட்களில் இளஞ்சிவப்பாகும். துணியில் உள்ள சாயம் ஒட்டும் சூட்டில் கிளம்பி வினைலுக்குள் ஏறுகிறது. 130, 140 பாகையில் ஒட்டும் வினைலோ, சாயத்தைத் தடுக்கும் அடிப்படை உள்ள வினைலோ வாங்குங்கள். அதைவிட நல்லது, இலக்கத்தை வடிவமைப்போடு சேர்த்தே அடித்துவிடுவது. இதே காரணத்தால், சூடு ஆறாத ஜேர்சிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் கூடாது.

ஒரு கொப்பி, ஒரு விதி

இந்தத் தொழிலில் மிகப் பெறுமதியான கருவி 40 பக்க அப்பியாசக் கொப்பி. திகதி, நேரம், துணி வாங்கிய கடை, கடதாசி, வெப்பம், செக்கன், வோல்டேஜ், மழையா வெயிலா, வந்த விளைவு என்று ஒரு வரி. இரண்டு மாதத்தில் அது உங்கள் இயந்திரத்தின் மருத்துவப் புத்தகமாகிவிடும். அதோடு ஒரு விதி. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது.

ஓடர் துணியில் சோதனை செய்யாதீர்கள். ஒவ்வொரு துணிக் கட்டிலும் ஒரு மீற்றர் அதிகமாக வாங்கிச் சோதனைத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இயந்திரம் வாங்குபவர்கள், ஒன்பது சதுரத் தாளைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அடித்துப் பார்க்கக் கேளுங்கள். சூடாக்கும் தட்டும் சென்சரும் உதிரியாகக் கிடைக்குமா, திருத்துபவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா என்று விலை பேசுமுன் கேளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிக்கும்போது வரும் புகையை மூச்சில் எடுக்காமல் யன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வீட்டோடு சேர்ந்த தொழில் என்பதால் பிள்ளைகள் அந்த அறைக்குள் வராமல் ஒரு தடுப்புப் போடுங்கள். இயந்திரத்தின் மூடியைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்களில் ஜேர்சியின் நெஞ்சிலும் முதுகிலும் விழும் பெயர் பலவேளை ஒரு விளம்பரதாரரின் பெயராக இருப்பதில்லை. ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு அடிக்கும் ஜேர்சியில் அது இறந்துபோன ஒருவரின் பெயர், சிலவேளை அவரது படமும்கூட. சில குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது இடப்பெயர்வில் தப்பிவந்த ஒரேயொரு மங்கிய படம். அதைத்தான் வருடி எடுத்துத் தருவார்கள். அப்படிப்பட்ட ஓடரை, ஒன்பது சதுரமும் ஒரே கறுப்பாக வந்த பிறகு, சோதனைத் துண்டில் அந்த முகத்தை ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகு மட்டும் தொடங்குங்கள். பெயரின் எழுத்துகளைக் குடும்பத்தில் ஒருவருக்குக் காட்டிச் சரிபாருங்கள். கண்ணாடிப் பிம்பமாக அச்சிடும் தாளில் ஒரு கொம்போ காலோ விடுபட்டது எளிதில் கண்ணில்படாது. பழுதான ஜேர்சிக்குப் பதில் இன்னொன்று அடித்துக் கொடுக்கலாம். ஆனால் நிழல் விழுந்த முகத்தை ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எதையும் கொடுக்க முடியாது.